எந்தக் கல்லூரி என்று கேட்டபோது



"சகோதரி, நீங்கள் எந்தக் கல்லூரியில் படித்தீர்கள்?" என்று யாராவது கேட்டால், ஏறக்குறைய இருபது ஆண்டுகளாக நான் சொல்லிவந்த பதில் ஒன்று உண்டு. "பெங்களூர் பல்கலைக்கழகம்" என்பேன். அது பொய்யல்ல. என் பட்டச் சான்றிதழில் அந்தப் பெயர்தான் அச்சிடப்பட்டிருக்கிறது. ஆனால் அது முழு உண்மையும் அல்ல. நான் மூன்று ஆண்டுகள் நாள்தோறும் நடந்துபோய்ப் படித்த இடம் கோலார் தங்க வயலில் இருக்கும் அரசு முதல்நிலைக் கல்லூரி. எங்கள் ஊரார் அதைச் சுருக்கமாக "கவர்மென்ட் காலேஜ்" என்பார்கள். பெரிய பெயர் ஒன்றின் பின்னால் அந்தச் சிறிய பெயரை நான் ஒளித்து வைத்திருந்தேன். பொய் சொல்லாமலேயே உண்மையை மறைக்க முடியும் என்பதை அந்த ஒரு பதிலில் நன்றாகப் பழகிக்கொண்டேன்.

அந்தப் பழக்கத்தை விட்டுவிட எனக்கு உதவியவள் பதினேழு வயது நிரம்பிய என் அண்ணன் மகள். வேலை தேடியும் படிப்பைத் தேடியும் ஊரைவிட்டு நகரத்துக்கு வந்து குடியேறியிருக்கும் நம்மில் பலருக்கும் இது உதவக்கூடும் என்பதால் எழுதுகிறேன்.

எங்கள் ஊரை அறியாதவர்களுக்குச் சில வார்த்தைகள் சொல்லவேண்டும். கோலார் தங்க வயல் பெங்களூருக்குக் கிழக்கே ஏறக்குறைய 100 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. 1880-இல் ஜான் டெய்லர் கம்பெனி என்னும் ஆங்கிலேய நிறுவனம் அங்கே பெரிய அளவில் சுரங்கத் தொழிலைத் தொடங்கியது. பூமிக்கு அடியில் இறங்கி உழைக்க அன்றைய வட ஆற்காடு, சேலம் மாவட்டங்களிலிருந்து தமிழர்கள் ஆயிரக்கணக்கில் வந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் நிலமற்றவர்கள், ஊருக்கு வெளியே ஒதுக்கி வைக்கப்பட்டவர்கள். சிவசமுத்திரத்து நீர்வீழ்ச்சியிலிருந்து எடுத்த மின்சாரம் 1902-இலேயே எங்கள் சுரங்கங்களுக்கு வந்து சேர்ந்தது. சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழம் போயிற்று. 120 ஆண்டுகளில் ஏறக்குறைய 800 டன் பொன் வெளியே வந்தது. 1965-இல் அந்த ஆழத்தில் கருவிகளை வைத்து ஆராய்ந்த விஞ்ஞானிகள், வளிமண்டலத்தில் உண்டாகும் நியூட்ரினோ என்னும் நுண்துகளின் அடையாளத்தைக் கண்டார்கள். உலக விஞ்ஞான வரலாற்றில் இடம்பெற்ற காரியம் அது.

அதே சாம்பியன் ரீஃபில்தான் என் அப்பா கூண்டில் ஏறிக் கீழே இறங்கி வேலை செய்தார். நேரந்தவறிச் சங்கு ஊதினால் எங்கள் லைன் வீடுகளில் இருந்த பெண்கள் எல்லாரும் வாசலுக்கு வந்து நிற்பார்கள். பாறை வெடித்து யாருக்கோ ஆபத்து என்பது அதன் பொருள். அம்மா அடுப்பை அணைத்துவிட்டு முழங்காலில் நிற்பார். அப்பா வீடு வந்து சேரும்வரை எழுந்திருக்கமாட்டார். இப்படி வாழ்ந்த எங்கள் லைனில், நான் பள்ளி முடிக்கும் காலத்தில், பட்டதாரி என்று சொல்ல ஒருவரும் இல்லை.

நான் பத்தாம் வகுப்புவரை தமிழ்வழியில் படித்தேன். வீட்டில் தமிழ், பள்ளியில் தமிழ், சபையில் தமிழ். கர்நாடக மாநிலத்தில் பிறந்து வளர்ந்தும் பேருந்தின் பெயர்ப்பலகையை எழுத்துக்கூட்டித்தான் படிப்பேன். பி.யூ.சி.யில் ஆங்கிலவழிக்கு மாறியபோது கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோல் இருந்தது. எப்படியோ தேறினேன். 2000-ஆம் ஆண்டு அரசு முதல்நிலைக் கல்லூரியில் பி.காம். சேர்ந்தேன். இரண்டு வயது மூத்தவரான என் அண்ணன் அதே கல்லூரியில் பி.ஏ. இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தார். ஒரு சுரங்கத் தொழிலாளியின் வீட்டிலிருந்து இரண்டு பேர் கல்லூரிக்குப் போவது அந்நாளில் லைனில் பேசப்பட்ட செய்தி. ஊரிலேயே அரசு கல்லூரி ஒன்று இருந்ததாலும் அதில் கட்டணம் எங்கள் கைக்கு எட்டியதாலும்தான் அது நடந்தது. அதே படிப்பைப் பெங்களூரில் தங்கிப் படிக்கவேண்டும் என்றிருந்தால், நான் தையல் இயந்திரத்தின் முன்னால் உட்கார்ந்திருப்பேன். தையல் வேலையைக் குறைவாகச் சொல்லவில்லை. ஆனால் அதை நான் தேர்ந்தெடுத்திருக்கமாட்டேன். அது என்னைத் தேர்ந்தெடுத்திருக்கும்.

முதல் வாரத்தில் நடந்த ஒன்றை நான் மறக்கவே இல்லை. கணக்குப்பதிவியல் கற்பிக்க வந்த ஆசிரியர் கன்னடத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர். "தமிழ்வழியில் படித்து வந்தவர்கள் கையைத் தூக்குங்கள்" என்றார். பாதிக்கு மேற்பட்ட கைகள் உயர்ந்தன. எங்களைத் திட்டப்போகிறார் என்று நடுங்கினேன். அவரோ தமக்குத் தெரிந்த தமிழில், "உங்கள் வீட்டில் மளிகைக் கடை நோட்டு இருக்கிறதா?" என்று கேட்டார். இல்லாத வீடு எது? சம்பள நாளில் அடைக்கும் கடன் நோட்டு எல்லார் வீட்டிலும் ஆணியில் தொங்கிக்கொண்டிருக்கும். "நீ கடனுக்கு அரிசி வாங்கினால் கடைக்காரர் தம் புத்தகத்தில் உன் பெயரில் பற்று எழுதுகிறார். நீயும் ஒரு புத்தகம் வைத்திருந்தால், அதில் அவர் பெயரில் வரவு எழுதவேண்டும். ஒரே அரிசி, இரண்டு புத்தகம். இதற்குமேல் இந்தப் பாடத்தில் ஒன்றும் இல்லை" என்றார். பிறகு அதையே கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் சொன்னார். மூன்று மொழிகளிலும் கேட்ட அந்தப் பாடம் இன்றுவரை எனக்குச் சோறு போடுகிறது.

அந்தக் கல்லூரியில் மொழிப்பாடமாகத் தமிழும் இருந்தது. நடைபாதையில் தமிழ், கன்னடம், தெலுங்கு, உருது எல்லாம் காதில் விழும். கட்டடம் பழையது. நூலகத்தில் ஒரு புத்தகத்துக்கு நான்கு பேர் பெயர் எழுதி வைத்துக் காத்திருப்போம். ஆனால் "நீ யார் வீட்டுப் பிள்ளை? இங்கே ஏன் வந்தாய்?" என்று என்னை அங்கே ஒருவரும் கேட்டதில்லை.

2001 பிப்ரவரி 28-ஆம் தேதி பாரத் கோல்ட் மைன்ஸ் நிறுவனம் மூடப்பட்டது. வரப்போகிறது என்று பல நாட்களாகப் பேச்சிருந்தும், வந்தபோது ஊரே துக்கவீடுபோல் ஆயிற்று. நான் பி.காம். முதலாம் ஆண்டில் இருந்தேன். அப்பாவுக்கு வேறு தொழில் தெரியாது; தூசியில் கெட்டுப்போன நுரையீரலுக்கு வேறு வேலையும் ஒத்துவராது. அன்று இரவு ஜெபம் முடிந்தும் ஒருவரும் பாயிலிருந்து எழுந்திருக்கவில்லை. "ஒரு பிள்ளைதான் படிக்க முடியும்" என்றார் அப்பா. அதற்குமேல் அவரால் பேச முடியவில்லை.

என் அண்ணன் சிறிது நேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னைப் பார்த்து, "நீ படிம்மா. நான் ரயில் ஏறுகிறேன்" என்றார்.

அவ்வளவுதான் சொன்னார். அடுத்த வாரமே மாரிக்குப்பத்திலிருந்து விடியுமுன் புறப்படும் ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குப் போனார். போக இரண்டு மணி நேரத்துக்கும் மேல், வர இரண்டு மணி நேரத்துக்கும் மேல். சுரங்கம் மூடியபின் எங்கள் ஊர் ஆண்களும் பெண்களும் ஆயிரக்கணக்கில் அந்த ரயில்களில்தான் பிழைப்பைத் தேடிப் போய்வந்தார்கள், இன்றும் போய்வருகிறார்கள். என் அண்ணன் கட்டடக் காவலராகச் சேர்ந்தார். இன்றும் அதே தொழில்தான் செய்கிறார்.

நான் 2003-இல் பட்டம் பெற்றேன். வேலைக்காக முதன்முதலாகப் பெங்களூரில் ஒரு நேர்முகத் தேர்வுக்குப் போனேன். அங்கே என் தாள்களைப் புரட்டியவர், "கே.ஜி.எஃப்.பா? அங்கே காலேஜ் எல்லாம் இருக்கிறதா?" என்று கேட்டுச் சிரித்தார். பக்கத்தில் இருந்தவரும் சிரித்தார். அவர்கள் கெட்ட எண்ணத்தோடு கேட்கவில்லை என்பது இப்போது புரிகிறது. ஆனால் இருபத்தொரு வயதில் எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போயிற்று. அடுத்த இடத்தில், கேட்குமுன்பே, "பெங்களூர் பல்கலைக்கழகம்" என்றேன். வேலை கிடைத்தது. அந்தப் பதில் என்னோடு ஒட்டிக்கொண்டது.

பிறகு திருமணமாகிப் பெங்களூரிலேயே தங்கிவிட்டேன். சபையிலும் அதே பதில்தான். எங்கள் ஊர்க்காரர் என்றால் சண்டைக்காரர், படிக்காதவர் என்று எண்ணுகிறவர்கள் அப்போது உண்டு. அவர்கள் என்னை அப்படி எண்ணிவிடக்கூடாது என்று பயந்தேன். ஆராதனை முடிந்து ஊர்ப் பேச்சு எழும்போது மெதுவாக விலகிப்போவேன். என் அண்ணன் அதே நகரத்தில், நான் ஏறிப்போகும் அலுவலகத்தைப்போன்ற ஒரு கட்டடத்தின் வாசலில், சீருடையோடு நின்றுகொண்டிருந்தார். அதையும் நான் பலரிடம் சொன்னதில்லை.

சில ஆண்டுகளாக நான் வேலை செய்யும் அலுவலகத்தில் அமெரிக்க நிறுவனங்களின் கணக்குகளைப் பார்க்கிறோம். அந்த நாட்டு அலுவலர்களோடு இரவில் கணினித் திரையின் வழியே பேசவேண்டியிருக்கும். அவர்களில் ஒருவர் டெக்சஸ் மாநிலத்தின் தென்கோடியில், மெக்சிகோ எல்லையை ஒட்டி வாழும் பெண்மணி. அவருடைய தாத்தா பருத்தி வயலில் கூலிவேலை செய்தவர். வீட்டு மொழி ஸ்பானியம். ஒருநாள் வேலை தொடங்குமுன் பேச்சோடு பேச்சாக அவரிடம், "எங்கே படித்தீர்கள்?" என்று கேட்டுவிட்டேன். அவர் முகம் மலர்ந்து தம் பல்கலைக்கழகத்தின் பெயரைச் சொன்னார். ஏதோ பெரிய வீட்டுப் பெயரைச் சொல்வதுபோல் சொன்னார். திருப்பி என்னைக் கேட்டபோது நான் வழக்கமான பதிலைச் சொன்னேன். சொன்னபோது முதன்முறையாக நாக்கு உறுத்திற்று.

அந்தப் பல்கலைக்கழகத்தைப் பற்றிப் பின்பு வாசித்தேன். அதன் பெயர் டெக்சஸ் பல்கலைக்கழகம் - ரியோ கிராண்டே பள்ளத்தாக்கு. அந்தப் பகுதியில் ஏற்கெனவே இருந்த இரண்டு அரசுப் பல்கலைக்கழகங்களை ஒன்றாக்க 2013-இல் மாநிலச் சட்டமன்றம் சட்டம் செய்தது. 2015-இல் புதிய பல்கலைக்கழகம் வகுப்புகளைத் தொடங்கியது. எடின்பர்க், பிரவுன்ஸ்வில் முதலிய ஊர்களில் அதன் வளாகங்கள் இருக்கின்றன. 30,000-க்கும் மேற்பட்ட மாணவர்கள். அவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் ஹிஸ்பானிக் என்று அழைக்கப்படும், ஸ்பானிய மொழி வழிவந்த மக்கள். குடும்பத்திலேயே முதல் பட்டதாரியாக வருகிறவர்கள் மிகுதி. மருத்துவம் படிக்க வெகுதூரம் போகவேண்டியிருந்த அந்தப் பகுதிக்கு 2016-இல் மருத்துவக் கல்லூரியும் அதன் வழியாக வந்தது.

என்னை நிறுத்தியது மொழியைப் பற்றிய பகுதி. 1960-களில் அதன் முன்னோடியான கல்லூரியில், மெக்சிக வழிவந்த மாணவர்கள் தங்கள் உச்சரிப்பைத் திருத்திக்கொள்ளும் வகுப்புகளுக்குப் போகவேண்டியிருந்தது. அங்கே படித்த எழுத்தாளர் குளோரியா அன்சால்துவா இதைப் பதிவு செய்திருக்கிறார். 1968 நவம்பரில் அந்தப் பகுதியின் எட்கவுச்-எல்சா உயர்நிலைப்பள்ளி மாணவர்கள் வகுப்பைவிட்டு வெளிநடப்புச் செய்தார்கள். ஸ்பானியம் பேசுவதற்காகத் தண்டிக்கப்படக்கூடாது என்பது அவர்கள் கோரிக்கைகளில் ஒன்று. இன்று அதே மண்ணில் நிற்கும் பல்கலைக்கழகம், இரண்டு மொழிகளிலும் எழுதப் படிக்க வல்லவர்களை உருவாக்குவதைத் தன் நோக்கங்களில் ஒன்றாக வைத்திருக்கிறது. எந்த மொழியை வெட்கமாக எண்ணச் சொன்னார்களோ, அந்த மொழியிலேயே இன்று அங்கே வகுப்புகளும் நடக்கின்றன.

அதற்காக அங்கே எல்லாம் சீராக இருக்கிறதென்று எண்ணவேண்டாம். மாணவர்களில் 25 சதவீதமாவது ஹிஸ்பானிக் மக்களாய் இருக்கும் கல்லூரிகளுக்குத் தனி உதவி அளிக்க 1992-இல் அமெரிக்கச் சட்டம் வழி செய்தது. 2025-இல் அந்நாட்டுக் கல்வித்துறை அந்த உதவியின் ஒரு பகுதியை நிறுத்துவதாக அறிவித்தது. எளியவர்களுக்கென்று திறந்த கதவை யாராவது பிடித்துக்கொண்டே நிற்கவேண்டியிருக்கிறது; எந்த நாட்டிலும் அப்படித்தான்.

இந்த நிலையில்தான் 2025 ஏப்ரலில் இரண்டாம் ஆண்டு பி.யூ.சி. முடிவுகள் வந்தன. என் அண்ணன் மகள் வணிகவியலில் நல்ல மதிப்பெண் பெற்றிருந்தாள். அண்ணனும் அண்ணியும் அவளை அழைத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார்கள். "உன்னிடம் ஒப்படைக்கிறேன்மா. பெங்களூரில் நல்ல காலேஜாகப் பார்த்துச் சேர்த்துவிடு. சீட்டுப் பணம் எடுத்துவிட்டேன். குறைவதைக் கடன் வாங்குகிறேன்" என்றார் அண்ணன். நான் ஒரு தனியார் கல்லூரியின் பெயரைச் சொன்னேன். ஆண்டுக் கட்டணம் ஒன்றரை லட்சத்துக்கும் மேல். பாதியை நான் கட்டுவதாகச் சொன்னேன். அண்ணன் செய்த தியாகத்துக்கு இப்படியாவது ஈடுசெய்யலாம் என்ற எண்ணம் எனக்கு.

பிள்ளை வாயைத் திறக்கவில்லை. சாப்பாடு முடிந்து பாத்திரம் கழுவும்போது என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"அத்தை, நம் ஊர் கவர்மென்ட் காலேஜிலேயே பி.காம். இருக்கிறதே?"

"இருக்கிறது கண்ணு. ஆனால் நாளைக்கு வேலைக்குப் போகும்போது பெயர் வேண்டாமா?"

"நீங்கள் அங்கேதானே படித்தீர்கள்? உங்களுக்கு நல்ல வேலைதானே கிடைத்தது?" என்றாள். சற்று நேரம் கழித்துத் தயங்கித் தயங்கி, "நீங்கள் அதை யாரிடமும் சொல்வதில்லை என்று எனக்குத் தெரியும். போன வருடம் உங்கள் சபையில் ஒரு ஆன்ட்டி கேட்டபோது நான் பக்கத்தில்தான் இருந்தேன். அந்தக் காலேஜ் அவ்வளவு மோசமா, அத்தை?" என்றாள்.

அவள் குத்திக்காட்டுவதற்காகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். அதனால் பதில் சொல்வது இன்னும் கடினமாயிருந்தது. "மோசமில்லை. நான்தான்..." என்று தொடங்கி முடிக்க முடியாமல் அழுதுவிட்டேன். அவள் ஈரக்கையோடு என்னைப் பிடித்துக்கொண்டாள்.

அன்றிரவு கல்லூரிகளை ஒப்பிட்டு எல்லாரும் உட்கார்ந்து பேசினோம். உணர்ச்சிக்காக மட்டும் முடிவெடுக்கக்கூடாது என்பதில் நான் உறுதியாயிருந்தேன். தனியார் கல்லூரியில் கணினிக்கூடம் பெரிது. வளாகத்துக்கே நிறுவனங்கள் வந்து வேலைக்கு ஆள் எடுக்கும். அரசு கல்லூரியில் அவை குறைவு; எல்லாப் பாடத்துக்கும் எல்லா நேரமும் நிரந்தர ஆசிரியர் இருப்பார் என்று சொல்வதற்கில்லை. மறுபக்கத்தில் கடன் இல்லை, விடுதி இல்லை. மாலையில் தட்டச்சும் கணக்கு மென்பொருளும் தனியாகக் கற்க நேரம் இருக்கும். பட்டப்படிப்புக்குப்பின் எம்.காம். படிக்கவேண்டுமானாலும் முன்போல் தூரமில்லை. பெங்களூர் பல்கலைக்கழகத்தைப் பிரித்து 2017-இல் பெங்களூரு வடக்குப் பல்கலைக்கழகம் கோலாரை அடுத்த தமகாவைத் தலைமையிடமாகக் கொண்டு தொடங்கியது. எங்கள் ஊர்க் கல்லூரியும் அதோடு சேர்ந்தது. என் காலத்தில் பல்கலைக்கழகம் என்பது ரயில் ஏறிப் போய்ப் பார்க்கும் ஒன்றாக இருந்தது. இப்போது அது எங்கள் மாவட்டத்துக்கே வந்திருக்கிறது. 2023 ஜூன் முதல் கர்நாடக அரசுப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமும் இல்லை. எல்லாவற்றையும் எழுதிப் பார்த்தபோது பிள்ளை சொன்னதில் நியாயம் இருந்தது. "பாதிக் கட்டணம் கட்டுகிறேன் என்றீர்களே அத்தை, அதற்குப் பதில் ஒரு லேப்டாப் வாங்கிக்கொடுங்கள்" என்றாள். அப்படியே முடிவாயிற்று.

சேர்க்கை நாளில் நானும் விடுப்பெடுத்துக்கொண்டு போனேன். விண்ணப்பத்தை இணையத்தில் பதிந்தாயிற்று. அசல் சான்றிதழ்களோடு பெற்றோர் நேரில் வரவேண்டும். வாசலுக்கு வந்ததும் அண்ணன் நின்றுவிட்டார்.

"நீ அழைத்துக்கொண்டு போம்மா. நான் இங்கேயே இருக்கிறேன்."

"ஏன் அண்ணா? வாருங்கள்."

"பாதியில் விட்ட இடம்மா. இருபத்துநான்கு வருஷம் ஆகிறது. இந்த ரோட்டில் வந்தால்கூட எதிர்ப்பக்கம்தான் நடப்பேன்."

வாசலில் நின்று காவல் காப்பதே தொழிலாகிவிட்ட என் அண்ணன், எந்த வாசலைக் கடக்க இத்தனை ஆண்டுகள் அஞ்சினார் என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது. நான் கல்லூரியின் பெயரை மறைத்தேன். அவர் அந்தத் தெருவையே தவிர்த்தார். இருவரும் ஒரே இடத்தைப் பற்றி ஒருவரோடொருவர் பேசியதே இல்லை. என்ன சொல்வதென்று தெரியாமல் நின்றேன். பிள்ளை தன் தகப்பன் கையைப் பிடித்து, "அப்பா, கையெழுத்து நீங்கள்தான் போடவேண்டும்" என்றாள். அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு உள்ளே வந்தார்.

வரிசையில் எங்களுக்கு முன்னும் பின்னும் நின்றவர்களைப் பார்த்தேன். ரயில் பாஸைக் கழுத்தில் தொங்கவிட்டபடி வந்திருந்த தாய்மார். மகனுக்குப் பதிலாகப் படிவத்தைப் பிடித்துக்கொண்டிருந்த ஒரு பாட்டி. தமிழில் கேட்டவருக்குத் தமிழிலும் கன்னடத்தில் கேட்டவருக்குக் கன்னடத்திலும் மேசையில் இருந்தவர் பதில் சொன்னார். மொழிப்பாடம் எது என்ற இடம் வந்தது. 2015-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி எங்கள் மாநிலப் பள்ளிகளில் கன்னடம் முதல் மொழியாகவோ இரண்டாம் மொழியாகவோ கற்பிக்கப்பட வேண்டும். என் அண்ணன் மகள் சிறுவயதிலிருந்தே கன்னடம் படித்தவள், சரளமாக எழுதுவாள். தமிழை ஓய்வுநாள் பள்ளியிலும் வேதபுத்தகத்திலும்தான் கற்றாள். அவள் கன்னடத்தை எடுத்துக்கொண்டாள்.

எனக்கு அதில் வருத்தம் இல்லை. கன்னடம் அறியாததால் மாநில அரசு வேலைகளுக்கு முயலவே துணியாதவள் நான். குடியிருக்கும் தேசத்தின் மொழியைக் கற்பதில் குறைவொன்றும் இல்லை; தானியேலும் அவர் தோழரும் கல்தேயரின் மொழியையும் கல்வியையும் கற்றுத் தேர்ந்தார்கள், ஆனாலும் தாங்கள் யார் என்பதை மறக்கவில்லை. அதே வேளையில், பெந்தெகொஸ்தே நாளில் கூடியிருந்த பல தேசத்தாரும் தத்தம் மொழியிலேயே செய்தியைக் கேட்டார்கள் என்பதும் நமக்குத் தெரியும். ஒரு மொழியைக் கற்றுக்கொடுப்பது வேறு. இன்னொன்றைப் பிடுங்குவது வேறு. 2021-இல் கர்நாடகத்தில் பட்டப்படிப்பிலும் கன்னடத்தைக் கட்டாயமாக்க அரசு ஆணையிட்டபோது வழக்கு நடந்தது; விரும்பாதவர்களைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று உயர்நீதிமன்றம் இடைக்கால உத்தரவு பிறப்பித்தது. கன்னடத்தைத் தாய்மொழியாகக் கொண்ட என் ஆசிரியர் மளிகைக் கடை நோட்டைத் தமிழில் கேட்டபோது என்ன செய்தாரோ, அதைத்தான் நான் எல்லாக் கல்லூரிகளிடமும் எதிர்பார்க்கிறேன். பிள்ளை நிற்கும் இடத்துக்கு வந்து, அங்கிருந்து கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போகவேண்டும்.

படிவத்தில் தகப்பன் கையொப்பம் என்ற இடத்தில் அண்ணன் தமிழில் தம் பெயரை எழுதினார். வெளியே வந்ததும், "அந்த மூலை வகுப்பில்தான் நான் உட்கார்ந்திருப்பேன்" என்று மகளுக்குக் காட்டினார்.

அந்த ஆண்டின் இறுதியில் எங்கள் சபை வாலிபருக்காக மேற்படிப்பைப் பற்றிய ஆலோசனைக் கூட்டம் நடந்தது. என்னையும் பேசச் சொன்னார்கள். எனக்கு முன் பேசியவர்கள் தங்கள் கல்லூரிகளின் பெயர்களைச் சொன்னார்கள், எல்லாம் பேர்பெற்றவை. என் முறை வந்தது. "நான் கோலார் தங்க வயல் அரசு முதல்நிலைக் கல்லூரியில் படித்தேன். என் அண்ணன் படிப்பை நிறுத்திவிட்டு வேலைக்குப் போய் என்னைப் படிக்கவைத்தார். அவர் இன்று இதே நகரத்தில் காவலராக வேலை செய்கிறார்" என்றேன். இருபது ஆண்டுகள் வராத வார்த்தைகள் அரை நிமிடத்தில் வந்துவிட்டன. ஒருவரும் சிரிக்கவில்லை. கூட்டம் முடிந்து நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது, சபையைச் சுத்தம் செய்யும் சகோதரி ஒருவர் அருகில் வந்து, "அக்கா, என் மகனும் அங்கேதான் பி.ஏ. படிக்கிறான். யாரிடமும் சொல்லாதே என்று என்னிடம் சொல்லியிருக்கிறான்" என்றார்.

அந்தப் பையனுக்கு அதைக் கற்றுக்கொடுத்தது யார்? என்னைப்போன்றவர்கள்தான். மேலே ஏறிவந்தபின் ஏணியை மறைத்துவிட்டோம். கீழே நிற்கிறவர்கள் அங்கே ஏணியே இல்லை என்று எண்ணிக்கொள்கிறார்கள்.

அருமையானவர்களே, நம்மில் பலர் இப்படிப்பட்ட கல்லூரிகளின் வழியாக வந்தவர்கள். உங்கள் கல்லூரி கே.ஜி.எஃப்.பில் இல்லாமல் வேறு எந்தச் சிற்றூரிலும் இருக்கலாம். இந்த மாதம் யாராவது கேட்டால் அதன் பெயரைச் சொல்லுங்கள். ஊருக்குப் போகும்போது ஒருநாள் அங்கே போய், மூன்றாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு வேலை விண்ணப்பம் எழுதக் கற்றுக்கொடுங்கள். நீங்கள் படித்த புத்தகங்களை நூலகத்துக்குக் கொடுங்கள். இப்போது நானும் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை சனிக்கிழமைகளில் போகிறேன். மளிகைக் கடை நோட்டிலிருந்துதான் தொடங்குகிறேன்; இந்தத் தலைமுறைக்கு அந்த நோட்டு என்னவென்றே பாதிப் பேருக்குத் தெரியவில்லை, அதைக் காட்ட எங்கள் வீட்டுப் பழைய நோட்டையே எடுத்துச் செல்கிறேன்.

அண்ணனுக்கு நான் பட்ட கடன் தீர்ந்துவிட்டதா என்றால் இல்லை. கட்டணத்தில் பாதியைக் கட்டி அதைத் தீர்த்துவிடலாம் என்று எண்ணியது என் அறியாமை. என் புத்தகத்தில் அவர் பெயரில் வரவு எழுதாமல் இத்தனை நாள் விட்டிருந்தேன். இப்போது எழுதிவிட்டேன்.